பன்னிரண்டு மீட்டர்

மகள் பிறந்த நாற்பத்தோராம் நாள் என் ஆராய்ச்சி வழிகாட்டிக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன். மூன்று வரிதான். இழையில் கலந்துள்ள எர்பியத்தின் அடர்த்தியை நான் கூடுதலாக உள்ளிட்டிருக்கலாம் என்றும், அதனால் இழையின் நீளம் தவறாக வந்திருக்கலாம் என்றும், சிரமத்துக்கு வருந்துகிறேன் என்றும் எழுதியிருந்தேன். 'இருக்கலாம்' என்ற சொல்லை இரண்டு இடத்தில் போட்டதில் அப்போது எனக்கு ஒரு சின்ன நிம்மதி. முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை அல்லவா என்று. அந்தச் சொல்லை யாரும் படிக்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

கண்ணாடி இழையில் லேசர் வடிவமைப்பது என் வேலை. தலைமுடி கனத்தில் ஓர் இழை. அதன் நடுவில் எர்பியம் என்ற அருமண் தனிமத்தின் அயனிகளைக் கலந்திருப்பார்கள். ஒரு சிறு டையோடின் ஒளியை உள்ளே செலுத்தினால், அயனிகள் அந்த ஆற்றலை வாங்கிக்கொண்டு, தொலைத்தொடர்புக்கு ஏற்ற அலைநீளத்தில் வேறோர் ஒளியாகத் திருப்பித் தரும். பாப்பாரப்பட்டி சாலையோரம் பள்ளம் தோண்டி ஆரஞ்சுக் குழாய் பதித்துக்கொண்டிருந்தபோது, இதுக்குள்ளயா நீ வேலை செய்யறே என்று அம்மா கேட்டாள். ஏறத்தாழ அப்படித்தான் என்றேன். அதற்குமேல் அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

இதில் எல்லாம் நீளத்தில்தான் இருக்கிறது. இழை குட்டையாக இருந்தால் ஒளி குறைந்த அலைநீளத்துக்குத் தாவிவிடும். நீண்டுவிட்டால், டையோடின் ஒளி எட்டாத கடைசிப் பகுதியில் இருக்கும் அயனிகள் நாம் உண்டாக்கிய ஒளியையே விழுங்கி, அதை நீண்ட அலைநீளத்துக்குத் தள்ளிவிடும். சரியான நீளத்தைக் கணக்கிட்டுச் சொல்வதுதான் வடிவமைப்பாளரின் பொறுப்பு. நான் பன்னிரண்டு மீட்டர் என்றேன்.

காரிமங்கலத்தில் புகுந்த வீடு. அங்கிருந்து ஒரே பேருந்தில் போகும் தூரத்தில் கல்லூரி. அங்கே நாங்கள் மூன்று பேர்: வழிகாட்டியான பேராசிரியர், நான், எனக்கு ஓராண்டு பின்னால் சேர்ந்த இன்னொரு ஆராய்ச்சியாளர். நான் கணக்கிடுவேன், அவர் ஒட்டுப்போடுவார். இழையின் இரு முனைகளை மின்பொறியில் உருக்கி இணைப்பதைத்தான் ஒட்டு என்போம். அவர் கை நல்ல கை. அதைச் சொல்லிவிட வேண்டும்.

எங்கள் இழையை வெளிமாநில ஆய்வகம் ஒன்று உருக்கி இழுத்துக் கொடுத்திருந்தது. மொத்தமே இருபது மீட்டர். மறுபடி கேட்டால் எப்போது கிடைக்கும் என்று சொல்ல முடியாது. அதனால் எங்களிடம் ஒரு விதி உண்டு. யார் வெட்டினாலும் சுருள்மீது ஒட்டியிருக்கும் வெள்ளைப் பட்டையில் மீதி எவ்வளவு என்று மாற்றி எழுத வேண்டும். நான் இன்னொன்றும் செய்வேன். லேசருக்கு இழையைச் சுற்றுவதற்கு முன், சாப்பாட்டு இடைவேளையில் வராந்தா காலியாக இருக்கும்போது, அதை நீளமாகக் கிடத்தி டைல்ஸ் கணக்கில் அளந்து பார்ப்பேன். ஒரு டைல்ஸ் இரண்டடி. அவர் சிரிப்பார். அளந்ததை அளக்கிறவள் என்று எனக்குப் பெயர். அடுப்பை அணைத்தேனா என்று பேருந்து நிறுத்தத்திலிருந்து திரும்பி வந்து பார்க்கிறவள்தானே நான்.

ஓராண்டுச் சோதனைகளுக்குப் பிறகு சுருளில் பன்னிரண்டேகால் மீட்டர் மீதி. பட்டையில் அதை எழுதியது நான்தான். கணக்கில் பன்னிரண்டு வந்தபோது எனக்குக் கொள்ளை மகிழ்ச்சி. இரு முனையிலும் ஒட்டுக்கென்று கொஞ்சம் போனால் அப்படியே பொருந்தும். அப்போது எனக்கு ஆறாம் மாதம்.

ஏழாம் மாதம் வளைகாப்பு. முழங்கைவரை கண்ணாடி வளையல்கள். இழை வெட்டும் அறைக்குள் கண்ணாடி வளையல் கூடாது. வளையல் உடைந்தால் எந்தத் துண்டு வளையல், எந்தத் துண்டு இழை என்று தேடுவது யார்? என் உடன் ஆராய்ச்சியாளர் கதவருகே நின்றுகொண்டு, "அக்கா, உள்ள ஏற்கெனவே போதும்ங்கற அளவுக்குக் கண்ணாடி இருக்குதுங்க" என்றார். நானும் சிரித்தேன்.

ஒரே ஒரு நாள் கழற்றி வைத்துவிட்டுப் போய் இழையைச் சுற்றிக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று அம்மாவிடம் கேட்டேன்.

"கழட்டக் கூடாதுடி. புள்ள பொறக்கட்டும். அப்பறம் நீ எதை வேணாக் கழட்டு, எதை வேணாச் சுத்து."

நான் வாதாடவில்லை. வாதாடியிருக்கலாம். அவள் சொன்னதில் எனக்கு நம்பிக்கை இருந்ததா என்று கேட்டால், இல்லை. ஆனால் ஏதாவது ஆகிவிட்டால் பன்னிரண்டு மீட்டர் இழைக்காக ஆனது என்று காலமெல்லாம் எல்லோரும் சொல்வார்கள். எல்லோரையும்விட நானே சொல்லிக்கொள்வேன். ஆகவே அளவுகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் பாப்பாரப்பட்டிப் பக்கத்தில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போய்விட்டேன். போகும்போது வழிகாட்டி ஒன்று சொன்னார். இந்த லேசர் சரியாக வந்தால் திட்டத்தின் இரண்டாம் கட்டம் கிடைக்கும், அதன் வடிவமைப்பும் உங்களுக்குத்தான், நிம்மதியாகப் போய்விட்டு வாங்கம்மா என்றார். அந்த ஒரு வாக்கியத்தைப் பிரசவ வலிக்கு நடுவிலும் நினைத்துக்கொண்டேன். குழந்தையோடு திரும்பிப் போகும்போது எனக்கென்று அங்கே ஓர் இடம் இருக்க வேண்டும். எனக்கு இருந்த பயமெல்லாம் அதைப் பற்றியதுதான்.

மகள் பிறந்து பத்தாம் நாள் எங்கள் வாட்ஸாப் குழுவில் ஒரு படம் வந்தது. இருட்டறையில், அக்ரிலிக் தட்டில் வட்டவட்டமாகச் சுற்றிய இழை பச்சையாக ஒளிர்ந்தது. லேசர் ஒளி கண்ணுக்குத் தெரியாது. தெரிவது இந்தப் பச்சை மட்டும். உண்மையில் அது எங்களுக்கு வேண்டாத ஒளி, அயனிகள் வீணாகச் சிந்தும் ஆற்றல். ஆனால் பார்க்க வருகிற எல்லோரும் அதைத்தான் அழகு என்பார்கள். தையல் வலியோடு படுத்தபடியே கைதட்டும் பொம்மை ஒன்றைப் போட்டுவிட்டுக் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தேன்.

மூன்று வாரம் கழித்து வழிகாட்டி அழைத்தார். அம்மா வீட்டில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றால்தான் குரல் விட்டுவிட்டு வராது. தோளில் குழந்தையோடு அங்கே நின்றேன்.

"ரெண்டு அலைநீளத்துல மாறி மாறி அடிக்குதும்மா. பவர் ஒரு எடத்துல நிக்க மாட்டேங்குது. ஒட்டெல்லாம் நல்லாத்தான் இருக்கு. நீங்க அடர்த்திய அதிகமாப் போட்டுட்டீங்களோன்னு தோணுது. ஒரு தடவை பாருங்க."

பார்த்தேன். ஒரு தடவை அல்ல. குழந்தை தூங்கும் நேரமெல்லாம் மடிக்கணினியைத் திறந்து அந்த ஒரே எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆய்வகம் அனுப்பிய தாளில் இருந்த எண்ணும் நான் உள்ளிட்ட எண்ணும் ஒன்றுதான். ஆனால் அந்தத் தாளே ஒரு ஸ்கேன் நகல். அதில் இருப்பது எட்டா, மூன்றா? எட்டு மாதிரிதான் இருந்தது. பத்துத் தடவை பார்த்தபிறகு மூன்று மாதிரியும் இருந்தது. அதை உள்ளிட்ட நாளில் நான் எப்படி இருந்தேன்? வாந்தி நின்றிருந்ததா? அன்று சரியாகத் தூங்கியிருந்தேனா? இழையைச் சரியாகச் சுற்றினார்களா என்று திருப்பிக் கேட்க ஏனோ எனக்குத் தோன்றவே இல்லை. மூன்று பேரில் ஒருவர் தப்புச் செய்திருந்தால் அது வீட்டில் குழந்தையோடு உட்கார்ந்திருப்பவளாகத்தான் இருக்கும் என்று அவர்களுக்கு முன்னால் நானே முடிவுக்கு வந்துவிட்டேன்.

ஓசூர்த் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் கணவர் உணவு இடைவேளையில் பேசுவார். அவரிடம் சொன்னேன். தப்பு என்றால் தப்பென்று சொல்லிவிடு, அங்கெல்லாம் ஒத்துக்கொள்கிறவர்களைத்தான் மதிப்பார்கள் என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது. பொறுப்பாக நடந்துகொண்டால் என் இடம் எனக்கிருக்கும் என்று நம்பினேன். அந்த மூன்று வரியை அப்படித்தான் எழுதினேன்.

வழிகாட்டி கனிவாகப் பதில் எழுதினார். பரவாயில்லை, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று. அடுத்த வாரம் குழுவில் செய்தி வந்தது. என் உடன் ஆராய்ச்சியாளர் மூன்று மீட்டர் இழையைக் கூடுதலாக ஒட்டிச் சேர்த்தாராம். லேசர் வேண்டிய அலைநீளத்தில் ஆடாமல் அசையாமல் நிற்கிறதாம். ஆகவே பன்னிரண்டு தவறு, பதினைந்துதான் சரி. கட்டுரை எழுதத் தொடங்கினார்கள். நீளத்தைக் கண்டுபிடித்தவர் என்று அவர் பெயர் முதலில், என் பெயர் நடுவில். இரண்டாம் கட்டத்தின் வடிவமைப்பை இப்போதைக்கு அவர் பார்க்கட்டும், நீங்கள் குழந்தையைக் கவனியுங்கள் என்று வழிகாட்டி தனியாக ஒரு செய்தி போட்டிருந்தார். இப்போதைக்கு என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு இரண்டு மாதம் ஓட்டினேன்.

நான்காம் மாதம் கைப்பேசியில் இடமில்லை. மகள் குப்புற விழுந்ததைப் படம் எடுக்க முடியவில்லை. பழைய படங்களை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டே போனபோது அந்தப் பச்சைப் படம் வந்தது. அழிக்கப் போன விரல் நின்றுவிட்டது.

பச்சை கடைசிச் சுற்றுவரை ஒரே மாதிரி பிரகாசமாக இருந்தது. அது அப்படி இருக்கக் கூடாது. டையோடின் ஒளி போகப்போகக் குறையும். அதோடு பச்சையும் மங்க வேண்டும். பன்னிரண்டு மீட்டர் என்றால் கடைசி நான்கைந்து சுற்றுகள் கண்ணுக்கே தெரியக் கூடாது. என் கணக்குத்தான் தவறு, அடர்த்தி நான் நினைத்ததைவிடக் குறைவு என்றால் இப்படி ஒளிரலாம். அதையும் நினைத்தேன். முதலில் அதைத்தான் நினைத்தேன். பிறகுதான் சுற்றுகளை எண்ணத் தோன்றியது. அந்தத் தட்டின் பள்ளங்களை வரைந்து கொடுத்தவளே நான். ஒரு சுற்று அரை மீட்டர். கூடக் குறைய ஆகட்டும் என்று முப்பது சுற்றுக்கு இடம் விட்டிருந்தேன். பன்னிரண்டு மீட்டருக்கு இருபத்து நான்கு சுற்று இருக்க வேண்டும்.

படத்தை மடிக்கணினியில் பெரிதாக்கி, ஒவ்வொரு வட்டத்தின் மீதும் சிவப்புப் புள்ளி வைத்து எண்ணினேன். பதினெட்டு. மறுபடி பதினெட்டு. என் மேல் நம்பிக்கை இல்லாமல் அம்மாவைக் கூப்பிட்டு எண்ணச் சொன்னேன். அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு விரல் வைத்து எண்ணினாள்.

"பதினெட்டுடி. என்னாது இது, கொசுவத்தியா?"

பதினெட்டு என்றால் ஒன்பது மீட்டர். நான் சொன்ன நீளத்தை அவர்கள் சுற்றவே இல்லை. ஒன்பது மீட்டரைச் சுற்றிவிட்டுப் பன்னிரண்டு வேலை செய்யவில்லை என்றிருக்கிறார்கள். அதோடு மூன்றைச் சேர்த்தால் வருவது என் பன்னிரண்டுதான். அதற்குத்தான் பதினைந்து என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

எனக்கு வந்தது சந்தோஷமா என்று தெரியவில்லை. அன்று மாலைவரை, எண்ணியது தவறாக இருக்குமோ, தட்டை மாற்றியிருப்பார்களோ என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். மறுநாள் காலை குழந்தையைத் தூக்கிக்கொண்டு அம்மாவோடு பேருந்து ஏறினேன்.

அம்மாவையும் குழந்தையையும் துறைக் கட்டடத்துக்கு வெளியே வேப்பமர நிழலில் உட்காரவைத்துவிட்டு மாடிக்குப் போனேன். இருவரும் அன்பாகத்தான் வரவேற்றார்கள். குழந்தையை ஏன் கீழே விட்டீர்கள் என்று கேட்டார்கள். நான் படத்தைக் காட்டினேன். வழிகாட்டி வெகுநேரம் பார்த்தார். பிறகு, தட்டைத் திறந்து எண்ணிவிடுவோமே என்று அவரே சொன்னார். பெட்டியின் திருகாணிகளைக் கழற்றி, மூடியை எடுத்து, மூன்று பேரும் குனிந்து எண்ணினோம். யாரும் வாய்விட்டு எண்ணவில்லை. முப்பது இல்லை, இருபத்து நான்கு. மூன்று பேருக்கும் ஒரே எண் வந்தது என்பது, யாரும் மறுபடி எண்ணாததிலேயே தெரிந்தது.

பட்டையில் பன்னிரண்டேகால் என்றிருந்த சுருளில் ஒன்பதேகால் எப்படி வந்தது என்று கேட்டேன். என் உடன் ஆராய்ச்சியாளர், பள்ளிப் பிள்ளைகளுக்காக நடந்த கண்காட்சியை நினைவுபடுத்தினார். தெர்மாகோலில் தமிழ்நாட்டு வரைபடம் வெட்டி, அதன் ஓரமாக இழையை ஓட்டி, பச்சையாக ஒளிரவைத்திருந்தார்கள். ஆறு மாத வயிற்றோடு அதன் பக்கத்தில் நின்று பிள்ளைகளுக்கு நான்தான் விளக்கம் சொன்னேன். பழைய சோதனைத் துண்டு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது சுருளிலிருந்து வெட்டிய மூன்று மீட்டர். கூடுதலாகச் சேர்த்ததும் வரைபடத்திலிருந்து பிரித்த அதே மூன்று மீட்டர்தான். சொந்த இழையையே திருப்பி ஒட்டிவிட்டுப் புது இழை சேர்த்ததாக எழுதியிருக்கிறார்கள்.

"வெட்டுனவங்கதான மாத்தி எழுதணும்" என்றேன்.

"பட்டை உங்க கையெழுத்துலதான இருந்துச்சுங்க்கா. நீங்க பாத்துப்பீங்க, வெட்டுனது போக மீதியத்தான் எழுதியிருப்பீங்கன்னு நெனச்சு இருந்ததை அப்படியே சுத்திட்டேன். நீங்கதான எல்லாத்தையும் ரெண்டு தடவை அளப்பீங்க."

கேலியாகச் சொல்லவில்லை. உண்மையாகவே அப்படி நினைத்திருந்தார். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

கட்டுரையைத் திருத்த வேண்டும் என்று வழிகாட்டியிடம் சொன்னேன். ஏற்கப்பட்டுவிட்டது, ஆனால் இன்னும் அச்சாகவில்லை. அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நீங்க சொல்றது சரிதாம்மா. கணக்கு சரி. ஆனா என்னான்னு எழுதறது? எங்க லேப்ல இருக்கற இழையோட நீளமே எங்களுக்குத் தெரியலன்னா? இதைப் பாத்துதான் ரெண்டாவது கட்டம் குடுத்திருக்காங்க." கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். "நீங்களும் எழுதிக் குடுத்துட்டீங்களே. அந்த மெயிலயும் ரிப்போர்ட்ல சேர்த்து அனுப்பியாச்சு."

'இருக்கலாம்' என்றுதான் எழுதினேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த நேரத்தில் கீழே குழந்தை அழும் குரல் கேட்டது. என் குழந்தைதானா என்றுகூடத் தெரியாது; உடம்பு அதற்குள் பதில் சொல்லிவிட்டது. சுடிதாரின் முன்பக்கம் நனைவதை உணர்ந்து துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டு, வருகிறேன் சார் என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். திரும்பி மேலே போயிருக்கலாம். பால் கொடுக்கக் கால்மணி நேரம் ஆகியிருக்கும். அவர்கள் அங்கேயேதான் இருந்தார்கள். நான் போகவில்லை. என்னாச்சு என்று அம்மா கேட்டதற்கு, கணக்கு சரிதானாம் என்றேன். அப்ப நல்லதுதானே என்றாள்.

இதழிலிருந்து எனக்கும் மின்னஞ்சல் வந்தது. இறுதி வடிவத்துக்கு ஆசிரியர்கள் அனைவரும் ஒப்புதல் தர வேண்டும். 'ஒப்புக்கொள்கிறேன்', 'மாற்றம் வேண்டும்' என்று இரண்டு பொத்தான்கள். மூன்றாம் பக்கத்தில் பதினைந்து மீட்டர். மூன்று நாள் வைத்திருந்தேன். நான் மறுத்தால் அந்த இருவரோடும் இனி ஒரே அறையில் வேலை செய்ய முடியாது. ஒரு கட்டுரையாவது வெளிவராமல் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கவும் முடியாது. உனக்கு என்ன தோணுதோ அதைச் செய் என்றார் கணவர். எனக்குத் தோன்றுவதைச் செய்யும் பழக்கம் எனக்கு இருந்திருந்தால் இது எதுவுமே நடந்திருக்காது. முதல் பொத்தானை அழுத்தினேன். எங்கேயோ ஓர் ஆய்வகத்தில் அதைப் படித்துவிட்டு யாரோ பதினைந்து மீட்டரைச் சுற்றுவார்கள். அவர்களுக்கு ஒளி தப்பான இடத்தில் விழும். தங்கள் கணக்கில்தான் கோளாறு என்று அவர்களும் தேடிக்கொண்டிருப்பார்கள்.

இப்போது காரிமங்கலத்துக்கே வந்துவிட்டேன். வாரம் மூன்று நாள் கல்லூரி. இரண்டாம் கட்டத்தின் வடிவமைப்பு அவரிடமே இருக்கிறது. அறிக்கைகள் எழுதுவது என் வேலை. ஆய்வேட்டின் நான்காம் இயல் என் கணக்கு முறையைப் பற்றியது. வரைவைப் படித்துவிட்டு வழிகாட்டி பென்சிலில் ஒரு வட்டம் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். என் நிரல் இன்னும் பன்னிரண்டு என்றே சொல்கிறது, வெளிவந்த கட்டுரையில் பதினைந்து, வாய்மொழித் தேர்வில் இதைத்தான் முதலில் கேட்பார்கள். ரெண்டும் ஒத்துப்போகணும்மா என்றார். எப்படி என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இருவருக்கும் தெரியும்.

நேற்றுக் காலை மகளை அத்தையிடம் கொடுத்துவிட்டு நிரலைத் திறந்தேன். அடர்த்திக்கு நேரே அந்த எண். ஆய்வகத்தின் தாளில் இருப்பது எட்டுதான். இப்போது எனக்கு அதில் சந்தேகமே இல்லை. அதை அழித்துவிட்டு ஐந்தில் நான்கு பங்காகக் குறைத்த எண்ணை உள்ளிட்டு ஓட்டினேன். பதினான்கு புள்ளி ஒன்பது என்று வந்தது. பழக்கத்தில் இன்னொரு தடவையும் ஓட்டிப் பார்த்தேன். அதே எண். கோட்டுப்படத்தை மாற்றி, இயலை வழிகாட்டிக்கு அனுப்பினேன். பத்து நிமிடத்தில் பதில் வந்தது: இப்ப சரியா வந்துடுச்சும்மா.